ஏழாவது தீர்மானம்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தீர்மானப் புத்தகம் தையல்கடைக்கு வந்துவிடும். இல்லத்து டிரைவர் அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, வெட்டு மேசை மேல் விரித்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டுவார். தையல்காரம்மா குண்டூசிகளை வாயில் கவ்வியபடியே கையெழுத்துப் போடுவாள். ஒரு பொத்தான் தைக்கிற நேரம்கூட ஆகாது. டிரைவர் "வர்றேம்மா" என்று கிளம்பிவிடுவார், அவள் மறுபடி மிஷினை மிதிப்பாள். ஒன்பது வருஷமாக இப்படித்தான்.

சரியாகச் சொன்னால் முதல் வருஷம் இப்படி இல்லை. நிர்வாகக் குழுக் கூட்டம் இரண்டு நிஜமாகவே நடந்தது. இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போய், நீளமான மேசையின் கடைசி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அப்புறம் தலைவர்தான் சொன்னார், எல்லாருக்கும் ஆயிரம் வேலை இருக்கிறது, எதற்கு அலைய வேண்டும், நானும் செயலாளரும் பார்த்துக்கொள்கிறோம், புத்தகத்தை அனுப்பி வைக்கிறோம் என்று. நல்ல மனுஷன், நம் கஷ்டம் தெரிந்தவர் என்று அவளுக்குத் தோன்றியது. குழுவில் இருந்த டாக்டருக்கும் கல்லூரி ஆசிரியைக்கும் அப்படியே தோன்றியிருக்கும். வேலை இல்லாத பதவி கசக்குமா என்ன.

அந்த இல்லம், வளர்ந்தும் வளராத பிள்ளைகளுக்கானது. முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும் என்று நிற்கிற பிள்ளைகள், முப்பத்திரண்டு பேர். அவர்களில் ஒருவன் அவள் மகன் ராசா. மூட்டை மாதிரி கனம், கூடவே வலிப்பு. ஒரு நாள் கடையில் ஓடிக்கொண்டிருந்த மிஷின் மேலேயே விழுந்தான். அவன் காதுக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்குத்தான், தன் ஒருத்தியால் இனி ஆகாது என்று அவள் ஒத்துக்கொண்டாள். புருஷன் எப்போதோ கையைக் கழுவிவிட்டுப் போனவன், அவனைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

நிர்வாகக் குழுவில் பெற்றோர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சட்டம். பிள்ளைகளைப் பெற்றவர்கள் கண் அங்கே இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாக இவளைப் போட்டார்கள். இல்லத்துக் கடிதத் தாளில் தலைவர், செயலாளர், டாக்டர் பெயர்களுக்குக் கீழே நாலாவதாக அவள் பெயரை அச்சடித்தார்கள். அதில் ஒரு தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தாள். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் "இது என்னங்க?" என்று கேட்டால், "அதுவா, சும்மா ஒரு பொறுப்பு" என்பாள். அந்த "சும்மா"வைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ராசாவுக்குப் பக்கத்துக் கட்டில் பாட்டுக்காரன். ஒல்லி உடம்பு, இருபத்தெட்டு வயது, நாள் முழுக்க ஏதாவது ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டே இருப்பான். வார்த்தை வராது, ராகம் மட்டும் பிசகாது. அவன் அம்மா இஸ்திரிக்கடை வைத்திருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது இரண்டு அம்மாக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முதுகு வலியைப் பற்றி முறை வைத்துப் பேசிக்கொள்வார்கள். "நீங்க தைக்கிறதெல்லாம் கடைசில என்கிட்டதான் வந்து சுடுபடுது அக்கா" என்பாள் இஸ்திரிக்காரம்மா.

ஏழெட்டு மாதத்துக்கு முன்பு அந்தப் பேச்சு நின்றது. பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள் இஸ்திரிக்காரம்மா. என்ன கோபமோ, எந்த வார்த்தை எங்கே குத்தியதோ. தையல்காரம்மாவும் ஒரு மாதம் பார்த்தாள், இரண்டு மாதம் பார்த்தாள். "பெரிய இவ மாதிரி மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியிறா, திரியட்டும்" என்று விட்டுவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பாட்டுக்காரன் இல்லத்தின் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனான்.

தரையோடு தரையாகக் கட்டிய தொட்டி. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். மேலே மூடி கிடையாது. குனிந்து உள்ளே பாடினால் குரல் பெரிதாகித் திரும்பி வரும், அதற்காகவே அவன் அங்கே போவான் என்று சமையல்காரி சொன்னாள். எல்லாருக்கும் தெரியுமாம். துணி உலர்த்தப் போனவள்தான் முதலில் பார்த்தாள். அவன் வருகிற நேரத்தில் பாட்டு கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தாளாம்.

தையல்காரம்மா இறுதிச் சடங்குக்குப் போனாள். இஸ்திரிக்காரம்மா அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். பெற்ற வயிறு, இப்போது யாரையும் எப்படியும் பார்க்கும் என்று இவள் நினைத்துக்கொண்டு வந்தாள்.

நாலாம் நாள் கடை வாசலில் கார் வந்து நின்றது. இந்தத் தடவை டிரைவரோடு தலைவரும் வந்து இறங்கினார். மரக்கடை முதலாளி. ஊரில் பாதி வீட்டுக் கதவும் ஜன்னலும் அவர் கடை மரம். புத்தகத்தை அவரே மேசை மேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதிவுத்துறையிலேருந்து விசாரணை வச்சிருக்காங்கம்மா. அஞ்சு பேரையும் தனித்தனியா கூப்பிடுவாங்க. போன வருஷக் கூட்டத்தப் பத்திக் கேப்பாங்க. ஒரு தடவ படிச்சு வச்சிக்குங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். செயலாளர் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அதை அவள் படிப்பது அதுதான் முதல் தடவை.

*தீர்மானம் ஏழு. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி அமைக்கக் கோரி, பெற்றோர் பிரதிநிதிக்கு முகவரியிடப்பட்டு வந்த கடிதம் கூட்டத்தில் படிக்கப்பட்டது. விரிவாகக் கலந்தாலோசித்த பின், அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: பெற்றோர் பிரதிநிதி.*

அதற்குக் கீழே பெருக்கல் குறி. அதன் மேல் அவள் கையெழுத்து.

"நான் எப்பங்க முன்மொழிஞ்சேன்?"

"அது முறை வச்சு எழுதுறதும்மா. அஞ்சாவது டீச்சர், ஆறாவது டாக்டர், ஏழாவது நீங்க, எட்டாவது நான். ஒருத்தர் பேரே திரும்பத் திரும்ப வந்தா பாக்கிறவங்களுக்கு நல்லாருக்காதுல்ல. அன்னிக்கு ஏழு உங்களுக்கு விழுந்துடுச்சு."

அடுத்த பக்கத்தில் கோடு போட்ட தாளில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. 'அன்புள்ள அக்காவுக்கு' என்று தொடங்கியது. அடியில் இஸ்திரிக்காரம்மாவின் பெயர், கோணல் மாணலாக. நடுவில் இருந்ததைப் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. 

அப்போதுதான் அவளுக்கு அந்த ஞாயிறு ஞாபகத்துக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து இஸ்திரிக்காரம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், "அக்கா, பின்னாடி அந்தத் தொட்டி..." என்று. இவளுக்குத் தன் பதவி நினைவுக்கு வந்துவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க. என் பேருக்கு எழுதி ஆபீஸ்ல குடுத்தா கூட்டத்துல வச்சிருவோம். அதான் முறை" என்றாள். அந்தக் கூட்டத்துக்குத் தானே போவதில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. ஆபீசிலும் கடிதத்தை இவளிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அவங்களுக்குப் பதில் ஏதாவது போச்சா?"

"போகாம? செயலாளர் எல்லாம் கரெக்டா பண்ணிருவார்." தலைவர் ஒரு தாளைப் புரட்டினார். "பெற்றோர் பிரதிநிதியின் முன்மொழிவின்படி தங்கள் கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. இதோ, நகல் இருக்கு."

 ஏழெட்டு மாதமாக அந்தப் பெண் ஏன் தலையைத் திருப்பிக்கொண்டாள் என்று இப்போது தெரிந்துவிட்டது.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் இவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நல்லாக் கேட்டுக்குங்க. கூட்டம் நடந்துச்சு, பேசினோம், நல்லெண்ணத்துல ஒரு முடிவெடுத்தோம், அது தப்பாப் போச்சுன்னு சொன்னா, கண்டிச்சு எழுதிட்டு விட்டுருவாங்க. நிர்வாகத்துல அதெல்லாம் சகஜம்னு வக்கீல் சொல்றார். கூட்டமே நடக்கலன்னு ஒருத்தர் சொல்லிட்டாலும் ஒன்பது வருஷப் புத்தகமும் பொய்யாயிடும். பதிவ ரத்து பண்ணிருவாங்க. முப்பத்தோரு பிள்ளைங்களும் ரோட்டுக்கு வந்துரும். உங்க பையனையும் சேத்துத்தான் சொல்றேன்."

"ஒரு மூடி போட்டிருக்கலாமேங்க."

"போட்டாச்சும்மா. மறுநாளே போட்டாச்சு. நம்ம கடைப் பலகைதான்."

நாலு பலகை. மரக்கடைக்காரர் தலைவராக இருக்கிற இல்லத்தில் நாலு பலகைக்கு ஒரு வருஷம் ஒத்திவைப்பு, அதற்கு ஒரு தீர்மானம், அதற்குக் கீழே இவள் கையெழுத்து. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் அது. அவள் இரண்டும் செய்யவில்லை. "சரிங்க" என்றாள்.

அந்த வாரமே ராசாவைப் பார்க்கப் போனாள். பாட்டுக்காரனின் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ராசா அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். தொட்டி மேல் புதுப் பலகை, நாலு மூலையிலும் செங்கல். அறுத்த வாசம் போகாத மரம். அவன் மெதுவாகக் குனிந்து, பலகையைக் கையால் தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்டான்.

"உள்ள" என்றான்.

"இல்லடா ராசா. அவன் உள்ள இல்ல."

"பாட்டு உள்ள" என்று மறுபடி தட்டினான். அவனை அங்கிருந்து நகர்த்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. இவனை வீட்டில் வைத்துக்கொண்டு, மிஷின் மிதித்தே முட்டி வீங்கிப்போன தான் ஒருத்தி எப்படிச் சமாளிப்பது என்று நினைத்துப் பார்த்தாள். பொய் சொல்லிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிறவனுக்கு ஒரு கட்டில் வேண்டும்.

ஆனாலும் விசாரணைக்குக் கிளம்பும்போது, போன வருஷத்து ஆர்டர் நோட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பதிவுத்துறை அலுவலகத்தில் மின்விசிறி கடகடத்தது. கோப்பு பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு தண்ணீர்ப் பாட்டில். அதிகாரி இவள் வயசுப் பெண்மணி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேசையில் தேடுகிற ரகம். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"இந்தக் கூட்டத்துக்கு நீங்க வந்தீங்களா?"

"வந்தேங்க." குரல் நன்றாகவே வந்தது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"ஏழாவது தீர்மானம் நீங்க முன்மொழிஞ்சதா?"

"ஆமாங்க."

"விரிவாக் கலந்து பேசினதா எழுதியிருக்கு. நீங்களும் ஒரு அம்மா. உங்க பையனும் அதே இல்லத்துலதான் இருக்கான். தொட்டிக்கு மூடி இப்ப வேணாம்னு சொல்றதுக்கு என்ன காரணம் சொன்னீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். இதைத் தலைவர் சொல்லிக்கொடுக்கவில்லை, வக்கீலும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு காரணம், ஏதாவது ஒரு காரணம் வேண்டும். துணி வெட்டும்போது பிசகினால்கூட வாடிக்கையாளரிடம் சொல்ல அவளுக்குப் பத்துக் காரணம் வரும். ஆழமான தொட்டியைத் திறந்தே வைக்கலாம் என்பதற்கு ஒரு தாய் என்ன சொல்லியிருக்க முடியும் என்று மண்டையைக் குடைந்தாள். ஒன்றுகூட வரவில்லை. அதிகாரி அவசரப்படுத்தாமல் காத்திருந்ததுதான் கொடுமை.

அவள் பைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்து, கூட்டத் தேதிப் பக்கத்தைத் திருப்பி முன்னால் வைத்தாள். பள்ளிக்கூடச் சீருடைக்கு நாற்பத்தாறு பிள்ளைகளின் அளவு. உயரம், மார்பு, தோள், கை. 'காலை 9½ முதல் மதியம் 1 வரை, பள்ளியில்' என்று தலைப்பில் அவளே எழுதியிருந்தாள்.

"கூட்டம் பத்து மணின்னு போட்டிருக்குங்க. நான் அங்க இல்ல. கூட்டமே இல்ல. எட்டு வருஷமா ஒரு கூட்டமும் இல்ல. புத்தகம் கடைக்கு வரும், நான் கையெழுத்துப் போடுவேன்."

"படிக்க மாட்டீங்களா?"

"படிச்சதில்ல."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "இத சொல்லிட்டா உங்க பொறுப்பு போயிரும்னு நினைக்காதீங்கம்மா. கூட்டத்துக்கு வந்து தப்பான முடிவெடுத்தவங்கள மன்னிக்க சட்டத்துல இடம் இருக்கு. நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவங்களுக்கு இடம் இல்ல. போடாம இருந்திருந்தாகூட யாராவது ஏன்னு கேட்டிருப்பாங்க."

"தெரியுங்க" என்றாள். உண்மையில் அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. கிளம்பும்போது கடிதத்தின் நகல் ஒன்று கேட்டாள். அதிகாரி கொடுத்தார். நாலாக மடித்துப் பையின் உள் பக்கத்தில் வைத்தாள்.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. பதிவு ரத்து. குழு கலைப்பு. ஐந்து பேரும் இனி எந்த அறக்கட்டளையிலும் பொறுப்பு வகிக்கக் கூடாது. பிள்ளைகளை முப்பது நாளுக்குள் குடும்பத்தார் அழைத்துச் செல்ல வேண்டும். தலைவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

ராசாவைக் கூட்டிவரப் போன அன்றைக்கு இல்லத்து வாசலில் பெட்டியும் பாயும் சக்கர நாற்காலியுமாக ஒரே கூட்டம். அவளிடம் யாரும் பேசவில்லை. ஒரு அப்பா மட்டும், எழுபது வயசிருக்கும், தன் மகளின் செருப்பு வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்தவர், இவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "உங்க மனசாட்சிக்கு எங்க பிள்ளைங்கதான் கெடைச்சாங்களாம்மா?"  அவர் கேட்டதில் தப்பு இல்லை.

கடைக்குள்ளேயே ஒரு மூலையில் ராசாவுக்குப் பாய் போட்டாள். கத்தரிக்கோலை உயரத்தில் மாட்டினாள். சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, தாளைக் கிழித்துப் போட்டாள். அவனுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் மிஷின் நின்றது. தைத்துக் கொடுக்க வேண்டியது தேங்கியது. பைக்குள் நாலாக மடித்த கடிதம் அப்படியே இருந்தது. அதைப் பிரிக்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள், தினமும் ஒரு வேலை வந்தது.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் காலை ராசாவையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு இஸ்திரிக்கடைக்குப் போனாள். தகரக் கூரை, ஒரு மேசை, அதன் மேல் நாலு மடிப்புக் கம்பளி. இஸ்திரிக்காரம்மா சட்டைக் காலர் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. ராசா தானாகவே துணிமூட்டை மேல் உட்கார்ந்துகொண்டான்.

"உங்க கடிதம் எனக்கு வரவே இல்ல" என்றாள் தையல்காரம்மா. "புத்தகத்துல ஒட்டி அனுப்பியிருந்தாங்க. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். நான் வேணாம்னு சொல்லல. ஏழாவது என் முறைன்னு அவங்களா எழுதிட்டாங்க. உங்ககிட்ட அத சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

இஸ்திரிப்பெட்டி காலரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது.

"படிச்சிட்டுத்தான் வேணாம்னு சொன்னீங்கன்னு நெனச்சேன்" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "தெனம் திட்டுவேன். காலைல கரி போடும்போது ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் உங்களத்தான் திட்டுவேன். என்னமோ கணக்குப் போட்டு, என் பிள்ள உசுரு அதுல சேரலன்னு விட்டுட்டீங்கன்னு. அப்பக்கூட, ஒரு ஆளாவது படிச்சு நெனச்சுப் பாத்து செஞ்சதுன்னு இருந்துச்சு." பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாருமே படிக்கலயா?"

"செயலாளர் படிச்சிருப்பார்."

"நான் அவருக்கா எழுதினேன்?"

தையல்காரம்மா பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இப்பவாவது படிச்சீங்களா?"

பொய் சொல்லலாம். பழக்கம் இல்லாததும் இல்லை. "இல்ல" என்றாள். "பைலதான் இருக்கு. பிரிக்க முடியல."

"எடுங்க."

எடுத்தாள். மடித்த இடமெல்லாம் தேய்ந்திருந்தது.

"படிங்க. எனக்குக் கேக்கிற மாதிரி படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தகரக் கூரைக்குக் கீழே நின்றபடி அவள் படித்தாள்.

"அன்புள்ள அக்காவுக்கு. நீங்க எழுத்துல குடுக்கச் சொன்னீங்க, அதனால எழுதுறேன். பின்னாடி தொட்டிக்கு மூடி இல்ல. என் பிள்ள தெனம் அதுக்குள்ள குனிஞ்சு பாடுறான். அவன் குரல் திரும்பி வர்றத வேற யாரோ பாடுறாங்கன்னு நெனச்சுக்கிறான். ரொம்பக் குனியிறான். நான் சொன்னாக் கேக்க மாட்டான். ஆயாம்மா நல்லவங்க, ஆனா ஒருத்தங்க எத்தன பேரப் பாப்பாங்க. கடைல பழைய மரப்பெட்டி இருக்கு, நானே ஒடச்சு மூடி செஞ்சு எடுத்துட்டு வர்றேன். உள்ள கொண்டு வர அனுமதி மட்டும் குடுங்க. பெரியவங்ககிட்ட பேச எனக்குத் தெரியாது. நீங்க அங்க இருக்கீங்கன்ற ஒரு தைரியத்துலதான் எழுதுறேன்."

அவ்வளவுதான் கடிதம். அனுமதி மட்டும்தான் கேட்டிருந்தாள்.

படித்து முடித்த பிறகும் தையல்காரம்மா தாளை முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தாள். அதை இறக்கினால் எதிரே இருப்பவளைப் பார்க்க வேண்டும். துணிமூட்டை மேல் ராசா இரண்டு உள்ளங்கையையும் குவித்து வாயருகே வைத்து, அதற்குள் எதையோ முனக ஆரம்பித்திருந்தான். ராகம் பாட்டுக்காரனுடையது, பாதி பிசகிய ராகம்.

இஸ்திரிக்காரம்மா அடுத்த சட்டையை எடுத்து மேசை மேல் விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். பெட்டியைக் கையில் எடுத்தாள், துணியில் வைக்கவில்லை.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள்.